ஆமை ஓடவில்லை

"ஓடினா, ஓடினான்னு சொல்லாதே. நடந்து போனா. அவ பொறந்ததுலேர்ந்து ஓடினதே கிடையாது" என்றேன்.

எதிர்வீட்டுத் தையல்காரி விடுவதாக இல்லை. இடுப்பில் காலிக் குடம், வாய் நிறைய நியாயம்.

"நடந்தாங்களோ பறந்தாங்களோ, பெரியம்மா, உங்க நாத்தனார் அன்னைக்கு அந்த நாற்காலியில சும்மா உக்காந்திருந்தா இன்னைக்கு நம்ம தெருவுல குழாய் இருந்திருக்கும். நான் இப்படித் தண்ணி லாரிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்ல."

"முதல்ல அது நாற்காலி இல்ல, முக்காலி. ரெண்டாவது, இப்ப லாரிக்கு எந்த வழியாப் போகப்போறே?"

"சந்து வழியாத்தான். வேற எது வழி?"

"யாரையாவது கேட்டுட்டுப் போகணுமா?"

"என் தெருவுலேர்ந்து நான் வெளியே போறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"சரி, போ. லாரி வந்துடப்போகுது."

அவளுக்கு உறைக்கவில்லை. குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சந்து வழியாகவே போனாள்.

இந்தப் பேச்சு தினமும் நடக்கிறது. தலைவர் பதவி வந்ததும் அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்கிறார் ஒருவர். பெரிய மனிதர்களைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டாள் என்கிறார் இன்னொருவர். திமிரும் பயமும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்டால், அவளுக்கு வரும் என்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லி, எழுதியும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என்ன நடந்தது என்று தெரியும். எழுத்து தெரிந்தவர்கள் பலருக்கு அது தெரியவில்லை.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஆகாது. நான் துலக்கிக் கவிழ்த்த சொம்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மறுபடி துலக்குவாள். வாய் திறந்து ஒரு குறை சொன்னால் சண்டையாவது போடலாம். சொல்ல மாட்டாள். அப்படிப்பட்டவளுக்காக நான் பேசுகிறேன் என்றால் அதில் பொய் இருக்காது. பிடித்தவளாக இருந்தால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

அவளை எல்லாரும் ஆமை என்பார்கள். அது ஊர் வைத்த பெயர் இல்லை, பெற்ற தாய் வைத்தது. என் மாமியாருக்கு வலி வந்து, மருத்துவச்சி வந்து, அவள் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் இவள் பிறந்தாளாம். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு கூரை தீப்பிடித்தது. எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவள் மட்டும் நடந்து வந்தாள். அதற்காக அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கன்னத்தில் ஓர் அறை விட்டார். ஓடியவர்களின் வாளியில் பாதித் தண்ணீர் தெருவிலேயே சிந்திவிட்டது, இவள் வாளி தளும்பத் தளும்ப வந்தது என்பதை அவர் பிறகுதான் கவனித்தார். அறையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

வளர்ந்த பிறகு சாக்கு தைக்கப் போனாள். சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே தானியக் கிடங்கு, அங்கே. கிழிந்த கோணிகளை வளைந்த ஊசியால் சணல் நூல் கோத்துத் தைக்க வேண்டும். கிடங்கின் பின்பக்கத்தில் ஒரு தகரச் சாய்ப்பு, அதுதான் அவள் இடம். கிழிந்த சாக்கு வெளியே வரும். தைத்த சாக்கு உள்ளே போகும். அவள் உள்ளே போனதில்லை. எங்கள் சாதிக்காரர்கள் மூட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றலாம், இறக்கலாம். தானியம் குவித்திருக்கும் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அப்படி எங்கும் எழுதி மாட்டவில்லை. எழுதி மாட்டினால் யாராவது கழற்றிவிடக்கூடும் அல்லவா.

அத்தனை வருஷத்தில் அவள் முதலாளியிடம் பேசியது ஒரே வாக்கியம்தான். "நூல் தீந்துடுச்சு."

முதலாளியைச் சொல்ல வேண்டும். கிடங்கு அவருடையது, லாரிகள் அவருடையவை, ஊர்மன்றமும் அவருடையது போலத்தான். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா தலைவர். தேர்தல் வரும், வாக்குப்பெட்டி வரும், கடைசியில் அவர்தான் வருவார். அப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இந்த முறை இந்த ஊரின் தலைவர் பதவி எங்கள் சாதிக்கு. அதிலும் பெண்ணுக்கு. அன்று முதலாளி குடியிருக்கும் பெரிய தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை, துக்கம் காத்தார்கள் என்று சொல்வார்கள். அது பொய். மின்சாரம் போயிருந்தது.

முதலாளி முதல் தடவையாக எங்கள் தெருவுக்கு வந்தார். அதாவது சந்தின் முனை வரை வந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். அதுவே வந்ததாகக் கணக்கு.

"ஆமை எங்கடா?" என்றார் என் நாத்தனார் புருஷனிடம். அவன் அவருடைய கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்.

"என்ன முதலாளி, ஏதாவது தப்பாத் தைச்சுட்டாளா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. தலைவராக்கணும். நாளைக்கு வெள்ளையா ஒரு புடவை கட்டிக்கிட்டு வரச் சொல்லு, போட்டோ எடுக்கணும்."

"நாளைக்குக் கூலி பிடிப்பீங்களா முதலாளி?" என்று கேட்டான். பிடிக்க மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் அவனுக்கு நிம்மதி.

எங்கள் தெருவில் வாய் உள்ள பெண்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் இருந்தார்கள். நான் இருந்தேன். எங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிர்த்து நிற்கலாம் என்று சில பேர் நினைத்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் அந்தக் கிடங்கில்தான் மூட்டை தூக்குகிறார்கள். அதனால் நினைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். போட்டி இல்லை. ஆமை தலைவரானாள். சாக்கு தைத்துக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார்களாம். "இந்த வரிசையை முடிச்சுட்டு வரேன்" என்றாளாம்.

மன்றக் கூடத்தில் ஒரு நீள மேசை, அதன் தலைமாட்டில் உயரமான முதுகு வைத்த நாற்காலி, இரு பக்கமும் உறுப்பினர்களுக்கு நாற்காலிகள், மேலே சத்தம் போடும் ஒரு மின்விசிறி. தலைமாட்டு நாற்காலியில் முதலாளி உட்கார்ந்தார். அவர் இப்போது துணைத்தலைவர். "பழக்கம் விடமாட்டேங்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவர் எழவில்லை.

தலைவருக்குக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். "இங்க காத்து நல்லா வரும்" என்றார் எழுத்தர். காற்று வந்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுகிற இடம் அதுதான். அதனால் காற்று செருப்பின் மேலாக வந்தது.

எங்கள் தெருவிலிருந்து இன்னோர் உறுப்பினரும் உண்டு, சைக்கிள் கடைக்காரன். அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நிற்கவும் சொல்லவில்லை. அவனே ஜன்னல் ஓரமாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்து நின்றுகொண்டான். இதையெல்லாம் நான் அவனிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். ஆமையிடம் கேட்டால் "கூட்டம் நடந்துச்சு" என்பாள்.

கையெழுத்துப் போட அவளுக்குத் தெரியும். பெயரை மட்டும் மெல்ல எழுதுவாள். எழுத்தர் பேனாவைக் கையில் கொடுக்க மாட்டார். முக்காலிக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு நகர்வார். போட்ட பிறகு அவளும் தரையில் வைப்பாள். அவர் ஒரு காகிதத்தால் பிடித்து எடுப்பார். மேல் அதிகாரி யாராவது வந்திருந்தால் "தலைவரம்மா, நீங்க" என்பார். அதிகாரியின் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும் "ஏய், நீ" என்பார். நடுவில் மூச்சுக்கூட விடமாட்டார்.

முதல் கூட்டத்தில் என்ன நடந்தது என்றால், பாதியில் அவளுக்குத் தாகம் எடுத்தது. எழுந்தாள். ஒரு கால் வாசற்படியைத் தாண்டுவதற்குள் எழுத்தர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"எங்க போறே?"

"தண்ணி குடிச்சுட்டு வரேன்."

"ஐயையோ, உக்காரு, உக்காரு! தலைவர் எழுந்து வெளியே போனா கூட்டம் கலைஞ்சதா அர்த்தம். அதுதான் சட்டம். அதுக்கப்புறம் எது பேசினாலும் செல்லாது."

"நீங்க எல்லாரும் இருக்கீங்களே."

"நாங்க இருந்து என்ன பிரயோசனம்? நீ இருக்கணும். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், இருந்தா போதும்."

உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் ஒரு பானை இருக்கிறது. எங்களுக்கு அதில் மொள்ளும் உரிமை இல்லை. கழிப்பறை இருக்கிறது; அதற்கும் சாவி வேறு ஆளிடம். எதற்கென்றாலும் சந்து வழியாக எங்கள் தெருவுக்குத்தான் வர வேண்டும். அதனால் கூட்டம் உள்ள நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். எழுத்தருக்கு அப்போதும் பயம் போகவில்லை. ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும் முன் முக்காலிக்கு எதிரே வந்து நிற்பார். "எழுந்தா கலைஞ்சுது, ஞாபகம் இருக்கட்டும்" என்பார். பதவிக்காலம் முழுவதும் இதைச் சொன்னார். குழந்தைக்குப் பாடம் சொல்வது போல, விடாமல், ஒரு தடவைகூட மறக்காமல்.

அவள் சும்மா உட்கார்ந்திருப்பது முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆமை, வெட்டியாத்தானே உக்காந்திருக்கே? ரெண்டு சாக்கைக் கொண்டாந்து தைக்கக் கூடாதா?" என்றார். அடுத்த கூட்டத்திலிருந்து அவள் மடியில் சாக்கு. ஊர்மன்றத் தலைவர் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து துணைத்தலைவருடைய கோணியைத் தைத்தார். வெளியூர்க்காரர் எவரேனும் மனு கொடுக்க வந்தால் "தலைவர் உள்ள இருக்காரா?" என்று அவளிடமே கேட்டுவிட்டு உள்ளே போவார். அவளும் "இருக்காங்க" என்பாள்.

இப்போது அந்தச் சந்து பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்கின் பின்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே போகிறது. குடத்தோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டும். அழகு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனால் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப்போக இடம் இருக்கிறது. பிணத்தைத் தூக்கிப்போக இடம் இருக்கிறது. முக்கியமாக, கேள்வி கேட்க அங்கே ஆள் இல்லை.

இன்னொரு வழி பெரிய தெருவின் ஊடாகப் போவது. அங்கே ஒரு இரும்புக் கேட்டும் ஒரு வாட்ச்மேனும் உண்டு. எங்கள் ஆள் யார் போனாலும் எந்த வீடு, என்ன வேலை, எப்போது திரும்புவாய் என்று கேட்பான். ஆமை தலைவரான மறுநாள் இன்னொரு போட்டோவுக்காக முதலாளி வீட்டுக்குப் போனபோதும் கேட்டான்.

"எந்த வீடு?"

"நான் தலைவர்."

"அது சரி. எந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தே?"

வேலைக்கு என்று சொன்ன பிறகுதான் விட்டான்.

பதவிக்காலம் முடியப்போகிற நேரத்தில் சைக்கிள் கடைக்காரன் என் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"பெரியம்மா, குழாய் வருது! நம்ம தெரு முனையிலேயே!"

கூட்டம் கூடிவிட்டது. தையல்காரி மிஷினை விட்டுவிட்டு வந்தாள். ஆமையின் புருஷன் வந்தான். நானும் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனை வருஷமாகத் தண்ணீர் சுமக்கிறேன் என்று என் தோள்பட்டையைக் கேளுங்கள். ஆமை கடைசியாக வந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நம்ம சந்து இருக்கே, அதை முதலாளி கிடங்கோட சேத்துக் கட்டிக்கிறாராம். அதுக்குப் பதிலா நமக்குக் குழாய். ஒரே தீர்மானத்துல ரெண்டும் வருது, அக்கா" என்றான் அவளிடம்.

"அப்ப நாம எப்படி வெளியே போறது?"

"கேட் வழியாத்தான். யாரும் தடுக்க மாட்டாங்களாம். வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாப் போதுமாம்."

"என்ன வார்த்தை?"

"எங்க போறோம், எதுக்குப் போறோம்னு."

"சும்மா போனா?"

"யாரு அக்கா சும்மா போவாங்க?"

"கேக்குறேன்."

புருஷனுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு நாள் வாயைத் திறக்காம இருந்தே. கடைசியா ஒரு நாள் திறக்காம இருந்தா உனக்கு என்ன கேடு?"

"கேட்டை ராத்திரியில பூட்டிடுவானே" என்றாள் அவள்.

"தட்டினாத் திறப்பான்" என்றான் சைக்கிள் கடைக்காரன்.

"திறக்கலேன்னா?"

"திறக்கலேன்னா குழாயைத் திறந்து தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்க வேண்டியதுதான்!"

எல்லாரும் சிரித்தோம். தையல்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆமையும் கொஞ்சம் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அவள் சிரிப்பது முகத்தில் வந்து சேரவே நேரமாகும், அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மறுநாள் அவள் முதலாளியிடம் பேசினாள். இதை என் நாத்தனார் புருஷன் மூட்டையோடு நின்று பார்த்தான்.

"முதலாளி, குழாயும் வேணும். சந்தும் வேணும்."

அவர் முதலில் நம்பவில்லை. கிடங்குக்குள் திரும்பி, "டேய், ஆமை பேசுது, வந்து பாருங்கடா" என்று ஆட்களைக் கூப்பிட்டார். எல்லாரும் வந்து பார்த்தார்கள். மறுபடி சொல்லச் சொன்னார். அவள் அதே மாதிரி, அதே நிதானத்தில், மறுபடி சொன்னாள்.

"ரெண்டும் எப்படி? ஒரு கையில வாங்கினா ஒரு கையில குடுக்கணும். உனக்கு வேண்டாம்னாலும் சந்து எனக்கு வந்துடும். எல்லா உறுப்பினரும் கை தூக்குறாங்க, உன் தெருக்காரன் உட்பட. சரி, நூல் தீந்துடுச்சா?"

"இருக்கு."

"அப்ப போய்த் தை."

போய்த் தைத்தாள்.

கூட்டத்து நாள் வந்தது. அன்றோடு அந்த மன்றத்தின் காலம் முடிகிறது. பிறகு தேர்தல் நடந்து புது மன்றம் வரும்வரை யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. முதலாளி அதனால் அவசரத்தில் இருந்தார். காலையிலேயே சந்தின் வாயில் செங்கல் இறக்கிவிட்டார்கள். கொத்தனார் செங்கல் மேல் உட்கார்ந்து, தீர்மானம் எப்போது முடியும் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார். பின்னால் எவரும் இது முறைப்படி நடக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மேலிடத்து அதிகாரி ஒருவரையும் முதலாளி வரவழைத்திருந்தார். அவராக வரவில்லை. வண்டி அனுப்பி அழைத்து வந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆமை அன்றைக்கும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஆகவே முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தாள் என்கிறார்களே, அதுவும் பொய். பாதியில் எழப்போகிறவள் எதற்காகத் தாகத்தோடு போய் உட்கார வேண்டும்?

அதிகாரி அவள் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தலைவர் எங்கே என்று கேட்டார். எழுத்தர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். அதிகாரி திரும்பிப் பார்த்து "ஓ" என்றார். அதோடு அது முடிந்தது. எழுத்தர் முக்காலிக்கு எதிரே வந்து தாழ்ந்த குரலில், "எழுந்தா கலைஞ்சுது" என்று வழக்கம்போல் நினைவூட்டினார்.

அந்தத் தீர்மானம், இந்தத் தீர்மானம் என்று படித்தார்கள். கடைசியில் சந்து வந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஆமை.

மின்விசிறி சத்தத்தில் கேட்கவில்லையோ, செருப்புப் பக்கத்திலிருந்து வந்த குரல் என்பதால் காதில் ஏறவில்லையோ, எழுத்தர் படித்துக்கொண்டே போனார்.

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு இதுல சம்மதமில்ல."

எழுத்தர் நிறுத்தினார். அதிகாரி இருந்ததால் முகத்தில் மரியாதையை வரவழைத்துக்கொண்டார். "தலைவரம்மா, உங்க சம்மதத்தை யாரும் கேக்கல. எல்லாரும் கை தூக்கப்போறாங்க. நீங்க இருந்தாப் போதும்."

"நான் இருந்தாப் போதுமா?"

"போதும்."

அவள் மடியில் இருந்த சாக்கைப் பார்த்தாள். ஒரு சாண் கிழிசல் மீதி இருந்தது. அதைத் தைத்தாள். தைத்து முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியை நூல்கண்டில் குத்தினாள். சாக்கை மடித்து முக்காலியில் வைக்க வேண்டும், ஆனால் முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதனால் எழுந்தாள். மடித்து வைத்தாள்.

"தண்ணி வேணும்னா கொஞ்சம் பொறுங்க தலைவரம்மா, முடியப்போகுது" என்றார் எழுத்தர்.

அவள் கதவைப் பார்த்துத் திரும்பியதும்தான் அவருக்கு விளங்கியது. "எழுந்து போனா..." என்று தொடங்கினார்.

"தெரியும்" என்றாள்.

எழுத்தர் பாய்ந்து வந்து வாசலை மறித்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நடுவில் முதலாளியின் செருப்பு கிடந்தது; அவள் அதைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள். உதைத்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். உதைக்கவில்லை, ஒதுக்கினாள். சைக்கிள் கடைக்காரனைக் கேளுங்கள். ஒதுக்கிவிட்டு நேராக நடந்தாள். அவள் நடை தெரியும் அல்லவா, அவசரமே இல்லாத நடை. அதே நடையில் அவரை நோக்கிப் போனாள். அவர் கையை விரித்தபடியே இருந்தார். இவள் நிற்கவில்லை. இவள் தோள் அவர் மேல் படப்போகிறது என்ற அளவுக்கு வந்ததும், அவர் விலகிவிட்டார்.

அவர் மேல் குற்றமில்லை. கால்கள் தாமாக விலகின. அவருடைய அப்பாவின் கால்களும் எங்களைக் கண்டால் அப்படித்தான் விலகும்.

"பிடிங்கய்யா, யாராவது பிடிங்க!" என்று முதலாளி கத்தினார். அத்தனை பேர் இருந்தார்கள். கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தால் முடிந்தது. ஒருவரும் பிடிக்கவில்லை. பிடித்தால் வீட்டுக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். தொட்டுப் பிடிக்கக்கூடியவன் அந்த அறையில் ஒருவன்தான் இருந்தான், ஜன்னல் ஓரமாக. முதலாளி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், முதல் தடவையாக. அவன் குழாய் வேண்டும் என்றவன். இன்றைக்கும் ஆமையால்தான் குழாய் போயிற்று என்று கடையில் உட்கார்ந்து பேசுகிறவன். ஆனால் அன்று அவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று கேட்டுப் பார்த்தேன். "காத்தடிக்கிற பம்பு எங்க வெச்சேன்" என்று தேட ஆரம்பித்துவிட்டான்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "தலைவர் போயிட்டாங்களே. கூட்டம் கலைஞ்சுது" என்றாராம். முதலாளி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். "சட்டம் அப்படித்தாங்க. உங்க எழுத்தரையே கேளுங்க" என்றாராம் அதிகாரி.

நான் அப்போது வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சந்தில் ஆமை வருவது தெரிந்தது. செங்கல் குவியலைச் சுற்றி வந்தாள். கொத்தனார் அவளைப் பார்த்ததும் எழுந்தார். "என்னம்மா, சுவரை ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். "செங்கல்லை எண்ணி எடுத்து வெச்சுக்குங்க" என்றாள்.

"என்னடி, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுது, அண்ணி."

"குழாய் வருதா?"

"வரல."

"சந்து?"

"இருக்கு."

எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை. நாளையிலிருந்து அவளுக்குக் கிடங்கில் வேலை இல்லை என்பதும், அவள் புருஷன் ஒரு வாரம் அவளோடு பேசமாட்டான் என்பதும், இந்தத் தெருவே அவளைத் திட்டப்போகிறது என்பதும் தெரியாது. கையை வெறுமே தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவள் கையில் சாக்கு இல்லாததைப் பார்த்தேன்.

"தண்ணி குடுங்க" என்றாள்.

துலக்கி முடித்த சொம்பில் மொண்டு கொடுத்தேன். வழக்கம்போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடியில் சாம்பல் ஒட்டியிருந்தது, எனக்கே தெரிந்தது. மறுபடி துலக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டாள். இன்னொரு சொம்பு கேட்டாள். அதையும் குடித்தாள்.

ஓடி வந்திருந்தால் மூச்சு வாங்கியிருக்கும். நான் பக்கத்திலேயே நின்றேன். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.